காந்தல் உணவில் சேராது

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவளைத் தெருவில் எல்லோரும் கரிச்சட்டி என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் வைத்த பெயர். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அவர்களுக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும் பெயர் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் என்னிடம் மாத்திரையைக் கொடுக்கும்போது, "கரிச்சட்டியம்மாவுக்குத்தானே?" என்று கேட்பார். மரியாதைக்கு ஓர் 'அம்மா' சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. வேறு ஊரில் துணி தைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலையில் இருந்த மகள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிற என்னைப் போனிலேயே ஏற்பாடு செய்தாள்.

"மருந்து, துணி, எது வேணுமோ வாங்கிக்குங்க. பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"நீ எப்பம்மா வர்றே?"

"வர்றேன். லீவு கிடைக்கணும்."

லீவு கிடைக்காதவர்களின் குரல் எனக்குத் தெரியும். லீவு கேட்காதவர்களின் குரலும் தெரியும். இது இரண்டாவது வகை.

வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திக் கதவுக்கு எதிரே போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தேன். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, இடது கன்னத்துப் பக்கமாகச் சிறு ஸ்பூனால் ஊட்டினேன். தண்ணியாகக் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஒத்துழைக்கும் நோயாளி. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, துப்பவில்லை.

பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் எண்ணிக்கை, பாட்டு, வசவு இந்த மூன்றில் ஏதாவது மிஞ்சும். இவளுக்கு எண்ணிக்கை மிஞ்சியது. வசவு மிஞ்சவில்லை, மிஞ்சியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எண்ணிக்கை தவிர ஒரே ஒரு சொல் இருந்தது: கோழி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிக் "கோழி" என்பாள். வந்தது பால்காரர் என்று தெரிந்ததும் தலை திரும்பிவிடும். மகளின் போட்டோவை முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணில் நீர் இறங்கியது. "கோழி" என்றாள். யாருக்காகக் கதவைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய அது போதும். கோழி எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியவில்லை. மூளையில் சொற்கள் இடம் மாறுவது சகஜம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் மகள் வந்தாள். பகல் பதினொரு மணி. அடுப்பில் கஞ்சிக்குச் சோறு குழைந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கப் போனேன். பையை வாங்கி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நாலு வார்த்தை பேசுவதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது. மகள் அறை நடுவில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இந்த வீட்டுக்குள்ள வந்தாலே இந்த நாத்தம்தானா?"

கட்டிலில் இருந்தவள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நிதானமாக, ஒரே வேகத்தில். மகளைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். நூறு வந்ததும் நிறுத்தி, "கோழி" என்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"உன்னைத்தான் அப்படிக் கூப்பிடறாங்கன்னு நினைக்கிறேன்."

"எங்க வீட்ல கோழியே இருந்ததில்ல. ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேன், பெத்த பொண்ணைப் பார்த்துக் கோழிங்கறாங்க." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அடிப்பிடித்த சட்டியை நான் தண்ணீரில் ஊறப்போடும்போது பின்னால் வந்து நின்றாள். "உங்களுக்குத் தெரியாது. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மேல்சோறு போட்டுட்டு, எனக்கு மட்டும் அடியைச் சுரண்டி எடுத்துட்டு வருவாங்க. ஏழு வருஷம் அதுதான் எனக்குச் சாப்பாடு. மனசார ஒரு கரண்டி நல்ல சோறு போட்டதில்ல."

இரண்டு நாள் இருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்ட உதவினாள், நகம் வெட்டினாள், புதுப் போர்வை வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். கட்டில் ஓரத்தில் மட்டும் உட்காரவில்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் பாத்திரக்கார அக்கா வந்தாள். அதே சமையலறையில் இருபது வருஷம் பாத்திரம் தேய்த்தவள். முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்தவள், கைத்தடியோடு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள். கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, கரிச்சட்டியின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி, உன் கோழி வந்துச்சாமே? முட்டை வெச்சுதா?"

கரிச்சட்டியின் முகம் ஒரு பக்கமாகச் சிரித்தது. அங்கே இருந்த காலம் முழுக்க நான் பார்த்த ஒரே சிரிப்பு. நான் டீ போட்டுக்கொண்டு வந்து, அந்தக் கோழி என்ன கோழி என்று கேட்டேன். அக்கா சொன்னாள். அவள் சொல்லச் சொல்லக் கரிச்சட்டி கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

நடந்தது இதுதான்.

கட்டட வேலைக்குப் போன புருஷன் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தபோது, மகளுக்கு ஒன்பது வயது. அவர் அதன்பின் எழுந்திருக்கவில்லை. வேலைக்குப் போனாக வேண்டிய நிலையில் பள்ளிக்கூடச் சமையலறை வேலை கிடைத்தது. சம்பளத்தை மருந்துக்கடை விழுங்கியது. வீட்டில் அடுப்பு எரிந்தது அவருக்குக் கஞ்சி வைக்க மட்டும்தான்.

அந்தப் பள்ளியில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம், அரசு பணம் கொடுத்தது. அவர்களிடம் மஞ்சள் அட்டை இருக்கும். மற்றவர்கள் டோக்கன் வாங்கிச் சாப்பிடுவார்கள். இரண்டு வரிசை, ஒரே சோறு. மஞ்சள் அட்டைக்கு வருஷா வருஷம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாராவது அரசிடம் சம்பளம் பெறுகிறார்களா? இவள் 'ஆம்' என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லில் மகளுக்கு அட்டை இல்லையென்று ஆயிற்று. பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு சமைக்கிறவளின் பிள்ளைக்கு இலவசச் சாப்பாடு கிடையாது.

தலைமையாசிரியை கெட்டவள் இல்லை. இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஏம்மா, அந்த இடத்துல 'இல்லை'ன்னு போட்டிருந்தா யார் பார்க்கப் போறாங்க?"

"என் சம்பளப் பேப்பர்ல கையெழுத்துப் போடறதே நீங்கதானே டீச்சர். உங்க கையிலயே எப்படி இல்லைன்னு எழுதிக் குடுக்கறது?"

தலைமையாசிரியை படிவத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். பேச்சு அதோடு முடிந்தது.

மகள் மதியத்துக்கு ஒரு துண்டு ரொட்டி கொண்டுபோவாள். சாப்பாட்டு ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிப்பாள். இவள் கரண்டியோடு நின்று வரிசைக்குப் பரிமாறிக்கொண்டிருப்பாள். தலைக்கு மேல் சுவரில் சமையலறை விதிகள் ஒட்டியிருந்தன. மிச்சச் சோற்றை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தலைமையாசிரியை பார்க்கக் கொட்ட வேண்டும், மீறினால் வேலை போகும். ஒருத்தி ஒரு கிண்ணம் பருப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய் மாட்டி, வேலை போனதை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதே தாளின் கடைசி வரி: அடிக்காந்தல் உணவில் சேராது, பாத்திரம் கழுவும்போது அப்புறப்படுத்தவும்.

சட்டியின் அடியில் தீய்ந்து ஒட்டிக்கொள்வதைக் காந்தல் என்கிறோம். பசியில் வயிறு எரிந்தாலும் காந்துகிறது என்கிறோம். அந்த வீட்டில் இரண்டாவதுக்கு முதலாவதுதான் மருந்தாயிற்று.

முதல் நாள் தற்செயலாக அடிப்பிடித்தது. பாத்திரக்கார அக்கா சுரண்டிக் குப்பையில் போடப் போனாள்.

"அதை எனக்குக் குடுங்கக்கா."

"எதுக்குடி?"

"வீட்ல கோழி இருக்கு."

மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒரு வாரம் கழித்து அக்கா, "எத்தனை கோழிடி வெச்சிருக்கே? ஒரு முட்டையாவது கண்ணுல காட்டேன்" என்றாள்.

"ஒரே கோழிதான்க்கா. அது இன்னும் முட்டை வைக்கற வயசுக்கு வரல."

அக்காவுக்கு அப்போது புரிந்தது. அதன்பின் கேட்கவில்லை. சுரண்டும்போது கரியை விட்டு, பழுப்பாக இருக்கிற பகுதியாகப் பார்த்து எடுத்து டப்பாவில் வைத்தாள்.

தற்செயலாக எத்தனை நாளைக்கு அடிப்பிடிக்கும்? நன்றாகச் சமைக்கத் தெரிந்தவள் கையில் பிடிக்கவே பிடிக்காது. அதனால் பிடிக்க வைத்தாள். சோறும் பருப்பும் ஒன்றாக வேகும் பெரிய அண்டா. கடைசிக் கொதியில் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இவள் துடுப்பை எடுத்து வைத்துவிட்டு நூறு எண்ணுவாள். நூறுக்குள் நிறுத்தினால் சுரண்ட ஒன்றும் இருக்காது. நூறைத் தாண்டினால் புகை மேல்சோற்றுக்கு ஏறிவிடும். சரியாக நூறு என்றால் அடியில் ஒரு விரல்கடை பழுப்பாகப் பிடிக்கும், மேலே லேசாக ஒரு வாடை மட்டும் இருக்கும். அந்த வாடையில்தான் கரிச்சட்டி என்ற பெயர் வந்தது. சாயங்காலம் வீட்டில் காந்தலை வெந்நீரில் ஊறவைத்து, உப்பும் வெங்காயமும் போட்டு மகளுக்குக் கொடுத்தாள். மகள் தின்றாள். எங்கிருந்து, எப்படி வருகிறது என்று இவள் சொல்லவில்லை. வேலை போகிற விஷயம், குழந்தை வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஒரு முறை மேலதிகாரி ஒருவர் வந்து இரண்டு நாள் சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். துடுப்பைக் கீழே வைக்க முடியவில்லை. இரண்டு நாளும் அண்டா அடி பளிச்சென்று வந்தது. மூன்றாம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மகள் மயங்கி விழுந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதிகாரி கிளம்பிப் போயிருந்தார்.

அன்று இவள் நூறோடு நிறுத்தவில்லை. எவ்வளவு எண்ணினாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்று அக்கா சொன்னாள். அண்டா முழுக்கப் புகை ஏறிவிட்டது. டோக்கன் வரிசைப் பிள்ளைகள் ஒரு வாய் வைத்துத் தட்டைக் கவிழ்த்துவிட்டு, வெளியே கடையில் பன் வாங்கப் போய்விட்டார்கள். மஞ்சள் அட்டைப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவது என்று சொல்வோம். அன்று நூறு பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தட்டை நீட்டி, "ஆயாம்மா, புகை இல்லாத பக்கமா போடுங்க" என்றதாம். இவள் அண்டாவுக்குள் கரண்டியை விட்டு, அங்கே இங்கே தேடிப் போட்டாளாம். புகை இல்லாத பக்கம் ஏது?

புகார் போய், அதே அதிகாரி திரும்பி வந்தார். தலைமைச் சமையல்காரி இடம் அந்த மாதம் இவளுக்கு வர வேண்டியது.

"இத்தனை வருஷமா சமைக்கிறே. அடிப்பிடிக்காமக் கிளறத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதுங்க."

அந்த இடம் இவளுக்குப் பின்னால் சேர்ந்தவளுக்குப் போயிற்று. இவளைத் துரத்தவில்லை, அதுவரை நல்லது. ஓய்வு பெறும்வரை உதவியாளராகவே இருந்தாள். அதன்பின் எண்பதோடு எண்ணிக்கையை நிறுத்தினாள். காந்தல் குறைந்தது, வெந்நீர் கூடியது.

மகள் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போனாள். விடுதியில் தங்கினாள், மூன்று வேளைச் சாப்பாடு. அவள் போன மறுநாளிலிருந்து அண்டாவில் அடிப்பிடிக்கவில்லை. ஒருநாள்கூட. தலைமையாசிரியைக்கு ஒரே சந்தோஷம். "அடுப்பைச் சரிபண்ணினதும் எப்படி மாறிடுச்சு பாருங்க!" என்றாள்.

"அடுப்பு அப்படியேதான் இருக்கு. கோழிதான் பறந்துடுச்சு" என்று அக்கா இவள் காதில் சொன்னாள்.

அடுத்த வருஷம் அரசு உத்தரவு வந்தது. வருமான வரம்பை உயர்த்தியிருந்தார்கள். சமையலறைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் இனி இலவசச் சாப்பாடு உண்டு என்று தனியாக ஒரு வரி. நல்ல உத்தரவு. அதை ஒட்டச் சொல்லி இவளிடம்தான் கொடுத்தார்கள். பசை இல்லை. ஒரு பிடி சோற்றை மசித்து, பழைய விதித்தாளின் மேலேயே ஒட்டினாள்.

"இப்பவாவது உன் பொண்ணுகிட்ட சொல்லேண்டி" என்று அக்கா பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒருமுறைதான் பதில் வந்தது. "அவ ஒருத்திக்காக நூறு பேர் வாயில புகையை வெச்சேன்க்கா. அது தெரிஞ்சா, தின்ன சோறு அவளுக்கு வயித்துல நிக்காது. என்னைத் திட்டிக்கிட்டே நல்லா இருக்கட்டும்." யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

"அப்புறம் எங்கிட்ட ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவ பொண்ணுகிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் நினைச்சு சத்தியம் பண்ணேன். உங்ககிட்ட சொல்லலாம்" என்றாள் அக்கா. நல்ல வக்கீலாக வந்திருப்பாள்.

என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. ஆனாலும் படுத்திருந்தவளைக் கேட்காமல் செய்வது முறையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாமென்றால் கையை இழுத்துக்கொள்ளச் சொன்னேன். கை என் கையிலேயே இருந்தது. அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள எனக்கும் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றே போன் செய்தேன். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. முடித்ததும் சொன்னாள்: "அன்னைக்கு நானும் அந்த ஹால்லதான் இருந்தேன். எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, கரிச்சட்டி கரிச்சட்டின்னு கத்தினாங்க. நானும் சேர்ந்து கத்தினேன். இல்லேன்னா அவங்க பொண்ணுன்னு என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சின்னப் பொண்ணு நீ."

"அம்மா பார்த்தாங்க."

வருகிறேன் என்றாள். இந்த முறை லீவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஏற்றுமதிச் சரக்கு முடிகிற மாதம், கையில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவள். நினைத்த உடனே கிளம்ப முடியவில்லை. வாரங்கள் ஓடின. அதற்குள் கரிச்சட்டிக்கு விழுங்குவது நின்றுவிட்டது. நான் எவ்வளவு கெட்டியாகக் கொடுத்தும் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இனி வாய் வழியாக எதுவும் வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எண்ணிக்கையும் கோழியும் நின்றுபோயின. ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வந்து சேர்ந்தாள்.

செருப்பைக் கழற்றியதும் நேராகக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, உன் கோழி வந்திருக்கு."

கண் திறக்கவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். "கேக்குமா?"

"காதுதான் கடைசியில போகும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பேசு." அது நாங்கள் படித்தது, பொய்யில்லை. உறுதியாகத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

மகள் எழுந்து சமையலறைக்குப் போய், சட்டியில் அரிசியும் பருப்பும் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வெந்து வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கட்டில்வரை கேட்கும்படி சத்தமாக எண்ணினாள். எழுபதுக்கு மேல் அம்மாவின் உதடு அசைந்தது என்று அவள் சொல்கிறாள். நான் அப்போது பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

நான் உள்ளே வரும்போது மேல்சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, அடிக்காந்தலைச் சுரண்டிக் கிண்ணத்தில் எடுத்து வெந்நீர் ஊற்றியிருந்தாள். உப்பு, வெங்காயம். கட்டிலில் அம்மாவின் இடது கைப் பக்கமாக உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். பாத்திரக்கார அக்காவும் வந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பாதியில் மகள் கையை நிறுத்திக் கேட்டாள். "பெரியம்மா, புகை இல்லாத பக்கமா போடச் சொல்லி ஒரு குழந்தை கேட்டுச்சாமே. அது சாப்பிட்டுச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டுச்சும்மா. வேற என்ன பண்ணும்?"

மகள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் தின்றாள். மிச்சம் வைக்காமல் தின்றாள். கிண்ணத்தில் இருந்த தண்ணீரையும் குடித்தாள்.

சாப்பாடு கொடுத்த நோயாளியை அரைமணி நேரம் கவனிப்பது எங்கள் வழக்கம். குமட்டுகிறதா, முகம் வெளுக்கிறதா, எழுந்து ஓடப் பார்க்கிறார்களா என்று. அன்று மகளை அப்படிக் கவனித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே கவனித்தேன். சோறு வயிற்றில் நின்றது.

கரிச்சட்டி அதைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்காமலே மறுநாள் பகலில் போய்விட்டாள்.